ஊசியில் விழாத அட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நாமக்கல் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு வெளியே வரும்போது, நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது இருக்கும் இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு நின்றார்கள். ஒருவர் கையில் போன். ஏதோ ஒரு கோழி நோயைப் பற்றி உலகத்தில் எங்கெங்கோ வந்த கட்டுரைகளை ஒரு நொடியில் அதில் எடுத்துக் காட்டினார். "ஐயா, உங்க காலத்துல டாக்டருங்க கேக்கறதை எப்படிங்க தேடிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஊசியில குத்தித்தான்" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நிஜத்தைத்தான் சொன்னேன். விளக்கமாக எழுதித் தாருங்கள் என்று இரண்டு தடவை வீட்டுக்கே வந்துவிட்டதால் எழுத உட்கார்ந்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஊர் ராசிபுரம். எங்கள் வீட்டில் நான்கு தறி. அப்பாவும் அண்ணன்களும் நெய்தார்கள். எனக்குத் தறிக்குழியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால் ஜக்கார்டு தறிக்கு அட்டை அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். சேலை முந்தானையில் வருகிற மயிலோ மாங்காயோ முதலில் அட்டையில் ஓட்டை ஓட்டையாகத்தான் பிறக்கும். எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இடத்து நூல் மேலே தூக்கும். ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கழுத்து இருக்காது. மூன்று வருடம் அதைச் செய்தேன். எழுபதுகளின் நடுவில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. நாமக்கல்லில் கோழி நோய் ஆராய்ச்சி நிலையத்தில் நூலக உதவியாளர் வேலை. சம்பளம் நிலையானது. அப்பா மறுபேச்சுப் பேசாமல் அனுப்பிவைத்தார்.

அந்த நூலகத்தின் தலைவி ராஜலட்சுமி அம்மா. சேலம் டவுனைச் சேர்ந்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தால், எதிரில் நிற்பவர் டாக்டராக இருந்தாலும் ஒரு அடி பின்னால் போவார். நேர்காணலில் என்னைப் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஓரம் முழுக்கத் துளை போட்ட ஒரு அட்டையை என் முன்னால் தள்ளி, "இது என்னன்னு தெரியுதா?" என்றார்.

"தறி அட்டைங்களாம்மா?"

கண்ணாடியைக் கழற்றினார். வேலை போச்சு என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "இதுக்கு முன்னால வந்த ஏழு பேரும் 'தெரியாது'ன்னாங்க. நீ தப்பாவாவது ஒண்ணு சொன்னே. திங்கக்கிழமை வா."

அந்த அட்டை எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். உலகத்தில் பல பாகங்களிலிருந்து வருகிற ஆராய்ச்சி இதழ்களில் கோழி, மாடு, தீவனம் பற்றி வருகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை போடுவோம். நடுவில் கட்டுரையின் பெயர், எந்த இதழ், மூன்று வரியில் சாரம் ஆகியவற்றை அம்மா தட்டச்சு செய்வார். அட்டையின் ஓரத்தில் சுற்றிலும் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். இது கோழி, இது மாடு, இது வைரஸ், இது தீவனம், இது தசை என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். கட்டுரை கோழியைப் பற்றியதென்றால், பஸ் கண்டக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கிளிப்பரால் கோழித் துளையை அட்டையின் விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். இப்போது டாக்டர் ஒருவர் "கோழியில் வைரஸ்" என்று கேட்டால், அட்டைகளைக் கட்டாக நிறுத்தி, கோழித் துளையில் நீண்ட ஊசியைச் செருகித் தூக்கி லேசாக உலுக்குவேன். துளை வெட்டிய அட்டைகள் பொலபொலவென்று விழும். வெட்டாதவை ஊசியிலேயே தொங்கும். விழுந்தவற்றை மறுபடி கட்டாக்கி வைரஸ் துளையில் ஊசி. அதிலும் விழுந்தவைதான் விடை. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று இன்று சொல்கிறேன். முதல் வாரம் விழுந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஊசியில் தொங்கியதை டாக்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தறியில் மேலே தூக்கியதுதான் டிசைன். கீழே இருப்பது வெறும் தரை. எனக்குப் பழகியது அது. குடல்புழு கேட்ட டாக்டருக்குக் குடல்புழு தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நூற்று எண்பது அட்டையாகக் கொடுத்திருந்தேன். அவர் அதை ஒரு கூடையில் வைத்துத் திருப்பி அனுப்பினார், மேலே ஒரு சீட்டு: "புழு எங்கே?"

அம்மா திட்டவில்லை. "நெசவுக்காரர் வீட்டுப் பையன், தூக்கினதைத்தானே நம்புவான்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. நூலகத்துக்கு வந்து எதையாவது தேடச் சொல்கிறவர்கள் ஒரு சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரி, என்ன வேண்டும். இரண்டாம் வரி, எதற்கு வேண்டும். மூன்றாம் வரி, என்ன நடந்தது. முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவது வரிக்குத்தான் சண்டை. "லைப்ரரியில கேள்வி கேக்கிறது நானா நீங்களா?" என்று டாக்டர் சிவராமன் ஒருமுறை கத்தினார். நோய்ப் பிரிவின் தலைவர் அவர். மெட்ராஸில் படித்தவர், கெட்டிக்காரர், அவசரக்காரர். அம்மா நிதானமாகச் சொன்னார்: "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு முதல் வரியில எழுதியிருக்கீங்க டாக்டர். கோழிக்கு என்ன ஆச்சுன்னு எங்கயும் எழுதலையே."

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. எனக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். காலையில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, மலைமேல் பார்த்து நரசிம்மருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். அட்டைகள் ஆறாயிரத்தைத் தாண்டின. அம்மா தட்டச்சோடு நின்றுகொண்டு, துளை வெட்டுவதை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக இருந்தேனா என்பதுதான் இனி சொல்லப்போகும் விஷயம்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு திங்கட்கிழமை, மோகனூர் ரோட்டுப் பக்கமிருந்து பழனியப்பன் என்ற பண்ணைக்காரர் கூடையில் ஐந்து கோழிகளோடு வந்தார். நான்காயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தார். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் போட்ட பண்ணை. கோழிகள் காலை நீட்டிப் படுத்துவிடுகின்றன, எழுந்திரிக்க முயன்று பக்கவாட்டில் சாய்கின்றன, நான்கு நாளில் சாகின்றன. டாக்டர் சிவராமன் அறுத்துப் பார்த்தார். வாத நோய் என்றால் கால் நரம்பு தடித்திருக்கும். இங்கே நரம்பு நன்றாக இருந்தது. தொடைத் தசைதான் வெந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. அப்படியானால் ஏதோ புது வைரஸ் என்று முடிவுக்கு வந்தார்.

செய்தி பரவிவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூடி வந்து, பழனியப்பன் கோழியை மொத்தமாகக் குழியில் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பண்ணையும் போய்விடும் என்று டாக்டரிடம் நின்றார்கள். முட்டை எடுக்கிற லாரி அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது. அவர்கள் பயமும் நியாயமானதுதான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுங்க. வேற வழி கிடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை மூடிடலாம்" என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். வைரஸ் என்றுதான் அவரே நினைத்தார். ஆனால் அந்த வெளுத்த தசை அவரை உறுத்தியது.

திங்கள் மத்தியானம் சீட்டு வந்தது. முதல் வரி: முட்டைக்கோழியில் வாத வைரஸ். மூன்றாம் வரியிலும் வைரஸ் என்றே எழுதியிருந்தார். அம்மா அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தார், ஆனால் நேரமில்லை. நான் ஊசி போட்டேன். நாற்பத்திரண்டு அட்டை விழுந்தன. டாக்டர் அத்தனையும் படித்தார். எதிலும் தசை வெளுக்கவில்லை.

"பெங்களூருக்கு அனுப்பிப் பாத்துடலாம்" என்றார் அம்மா.

அப்போதுதான் பெங்களூரில் ஓர் அறிவியல் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் டெர்மினல் ஒன்று வந்திருந்தது. அங்கிருந்து கடலுக்கு அப்பால் உள்ள பெரிய கம்ப்யூட்டரோடு கம்பி வழியாகப் பேசி, கட்டுரைகளைத் தேடி வாங்கலாம். ஆன்லைன் தேடல் என்று அதற்குப் பெயர். அம்மா ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து எனக்குச் சொன்னபோது, "கோழியும் வைரஸும் ரெண்டும் இருக்கறது, வைரஸ் இல்லாதது, இப்படிக் கேக்கணும்" என்றார். "அது நம்ம ரெண்டு ஊசிதானுங்களேம்மா!" என்றேன். "ஆமாம். ஆனா அந்த ஊசியை வேற ஒருத்தர் பிடிப்பார். நாம எழுதி அனுப்பறதை அப்படியே போடுவார். நீ நடுவுல யோசிச்சு மாத்த முடியாது."

தட்டச்சு செய்ததைக் கம்பி வழியாக வெளியூருக்கு அனுப்புகிற டெலக்ஸ் மெஷின் நாமக்கல்லில் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் பஸ் ஏறிச் சேலம் தந்தி அலுவலகத்துக்குப் போய், டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பெங்களூருக்கு டெலக்ஸ் செய்தேன். புதன் காலை சேலத்திலிருந்து பஸ்ஸில் பதில் வந்து சேர்ந்தது. சேலை நீளத்துக்குக் காகிதம். நூற்றுக்கும் மேல் கட்டுரைகள். அவ்வளவும் வைரஸ். கேட்டதைக் கொடுத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர். டாக்டர் படித்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டி மேஜையில் வைத்தார். "குழி தோண்டச் சொல்லிடுங்க" என்றார் யாரிடமோ.

அன்று மத்தியானம் பழனியப்பன் வந்தார். டாக்டர் பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்குப் போயிருந்ததால் நூலகத்தில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

"அண்ணா, என்ன நடந்ததுன்னு மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். அம்மாவின் மூன்றாம் வரிதான். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

"என்னத்தைச் சொல்றதுங்க. டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிப்போட்டனுங்க."

"என்கிட்ட சொல்லலீங்களே."

"விழுந்துச்சுங்க, செத்துச்சுங்க. இதுல என்னங்க கதை இருக்குது?" அப்புறம் கசப்பாகச் சிரித்தார். "எம்பட பொண்டாட்டி ஒருத்தி இருக்கறா. நோவு இல்லவே இல்லைங்கறா. ஏனுன்னா, ஊட்டுல நாலு நாட்டுக்கோழி இருக்குதுங்க. நாளெல்லாம் பண்ணைக் கொட்டாயச் சுத்தியே மேயுது. அதுக்கு ஒண்ணும் ஆகுலையாம். ஒட்டுவாரொட்டின்னா அதுக்கும் ஒட்டோணுமில்லங்கறா. நாஞ் சொன்னேன், போடி, உனக்கு டாக்டர விடத் தெரியுமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நாலுக்கும் ஒண்ணும் ஆகலீங்களா?"

"ஒண்ணு மட்டும் கொட்டாய்க்குள்ள பூந்து தீவனம் தின்னுட்டே கெடக்கும், கழுதை. அது விழுந்துருச்சுங்க."

அம்மா தன் மேஜையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கண்ணாடி கையில் இருந்தது. "சுப்பிரமணி, இவர் கூடப் போ. போய் அந்த அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

பழனியப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் மனைவி பெயர் பாவாயி. குழி தோண்டிய மண் பண்ணைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. அந்த அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"மக்காச்சோளம் புது லோடு ஆத்தூருப் பக்கமிருந்து வந்துச்சுங்க. அதுக்கப்பறந்தேன் இந்தக் கூத்து. மில்லுல மாவா அரைச்சுப் போடறாங்க, அதுல என்ன தெரியும்? நானு மூட்டையில இருந்து ஒரு மொறம் அள்ளிப் பொடைச்சுப் பாத்தேனுங்க." முறத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மஞ்சள் சோளத்துக்கு நடுவே தட்டையாக, சாம்பலும் பழுப்புமாக விதைகள். மொச்சைக்குத் தம்பி மாதிரி. "இது பேயாவரைங்க. மழை புடிச்ச வருசம் சோளக்காட்டுல களை எடுக்க முடியாம வுட்டா, அதுவும் காய்ச்சு கூடவே அறுப்புக்கு வந்துரும். ஆடு கூட இந்தச் செடியில வாய் வைக்காதுங்க. இவருகிட்ட சொன்னா எரிஞ்சு எரிஞ்சு விழறாரு."

"நானெங்க எரிஞ்சு விழுந்தேன்?" என்றார் பழனியப்பன்.

"இப்பொ விழறீங்களே, அதுதேன்."

ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். வரும் வழியில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். கோழிக்காக நேர்ந்துகொண்டவன் நாமக்கல்லில் நான் முதல் ஆள் இல்லை. அந்த ஊரில் பாதி வேண்டுதல் கோழிக்குத்தான்.

வியாழன் காலை எட்டு மணிக்கே அம்மா வந்துவிட்டார். சீட்டில் அவரே எழுதினார்: களைவிதை நஞ்சு, கோழி, தசை. நான் வழக்கப்படி முதலில் கோழித் துளையில் ஊசி போட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சம் விழுந்தன. அதைக் கட்டுக் கட்டாக்கி, களைவிதை நஞ்சுத் துளையில் ஊசி போட்டுத் தூக்கி உலுக்கினேன்.

ஒன்றும் விழவில்லை. மறுபடியும் உலுக்கினேன். இல்லை.

"இன்னும் கிடைக்கலை" என்றார் அம்மா. வாசகரிடம் 'இல்லை' என்று அவர் சொல்ல மாட்டார், எப்போதும் 'இன்னும் கிடைக்கவில்லை'தான். அன்று அவர் குரலே உள்ளே போயிருந்தது.

நான் ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த நாள் குழி மூடப்பட்டிருக்கும். ஆனால் அந்த முறத்தைப் பிடித்திருந்த பாவாயி அம்மாவின் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேனுங்க."

அம்மா என்னைப் பார்த்தார்.

"கட்டுரையில வர்ற எல்லாப் பிராணிக்கும் துளை வெட்டச் சொன்னீங்க. நான் வெட்டலைங்க. கட்டுரை எதைப் பத்தினதோ அதுக்கு மட்டும் வெட்டினேன். சும்மா சோதனைக்குன்னு முயலுக்கோ கோழிக்கோ குடுத்துப் பாத்திருந்தா, அதை விட்டுட்டேனுங்க. தறி அட்டையில ஓட்டை நெருங்கி விழுந்தா ஓரம் கிழிஞ்சு போகும். அந்தப் பயம்ங்க. அட்டை ரொம்ப நாள் உழைக்கட்டும்னு பண்ணினேன்."

"எத்தனை நாளா?"

"நீங்க என்கிட்ட விட்டதுல இருந்துங்க."

அதாவது ஏழு வருடம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என் வாழ்க்கையில் அந்த அரை நிமிடத்தை நான் மறந்ததே இல்லை. பிறகு எழுந்து வந்து, முதல் கட்டு அட்டையைத் தானே தட்டி நேராக்கி என் முன்னால் நிறுத்தினார்.

"அப்போ கோழியை விட்டுடு. ஆறாயிரத்துலயும் களைவிதையை மட்டும் குத்து. நீ விட்ட அட்டை உள்ளதான் இருக்கும்."

ஒரு கட்டுக்கு இருநூறு அட்டை. முப்பது கட்டுக்கு மேல். நான் குத்தித் தூக்க, அம்மா விழுந்ததைப் பொறுக்கிப் படித்தார். பத்து மணிக்குள் இருபத்தாறு அட்டை சேர்ந்தன. அதில் இரண்டு. ஒன்று, ஒரு களைச்செடியின் விதையைத் தின்ற மாடுகள் எழுந்திரிக்க முடியாமல் விழுந்ததைப் பற்றியது. தசை வெளுத்திருந்தது என்று அம்மாவின் தட்டச்சில் மூன்றாவது வரியில் இருந்தது. இன்னொன்று அதே விதையை முயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் கொடுத்துப் பார்த்தது. அந்த அட்டையில் கோழித் துளை வெட்டாமல் முழுசாக இருந்தது. வட்டமாக, அழகாக, ஓரம் கிழியாமல்.

டாக்டர் சிவராமன் இரண்டு அட்டையையும் நின்றபடியே படித்தார். விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அட்டையில் இருந்த தாவரப் பெயர் பேயாவரையைத்தான் குறிக்கிறது என்று அவர்தான் சொன்னார். "அட்டை மூணு வரி. இதை வெச்சு நான் அத்தனை பேரை நிறுத்த முடியாதுய்யா. முழு விவரம் வேணும். விதையை நிறுத்தினா கோழி தேறுமா, அது தெரியணும்."

மறுபடி சேலம். இந்தத் தடவை டெலக்ஸில் போக வேண்டியதை அம்மா எழுதினார். செடியின் பெயர், அதோடு கோழி. வைரஸ் என்ற சொல்லே இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: நாளைக் காலைக்குள் நான்காயிரம் கோழியின் உயிர். டெலக்ஸ் ஆபரேட்டர் அதைப் படித்துவிட்டு, "இதுவும் போகணுங்களா?" என்றார். "அதுதானுங்க முக்கியம்" என்றேன்.

தந்தி அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த நாமங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு மெஷின் அடிக்க ஆரம்பித்தது. பெங்களூரில் அந்த டெர்மினலில் உட்கார்ந்திருந்தவர் யாரோ, முகம் தெரியாத புண்ணியவான், வெறும் தலைப்புகளை மட்டும் அனுப்பவில்லை. ஏழு கட்டுரை கிடைத்திருந்தது. அதில் கோழியைப் பற்றிய மூன்றின் சாரத்தை முழுசாக அனுப்பியிருந்தார். விதை கலந்த தீவனம் தின்ற கோழிகள் வலுவிழந்து விழும், தசை வெளுக்கும், முட்டை நிற்கும். விதையை நிறுத்தினால் ரொம்பவும் முற்றாதவை தேறும். கடைசியில் அவரும் ஒரு வரி சேர்த்திருந்தார்: கோழிகளுக்கு என் வாழ்த்து.

வெள்ளிக்கிழமை காலை குழியைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. "அவரைக்கொட்டைக்கு நாலாயிரம் கோழி விழுகுமாங்க? நல்லா இருக்குதுங்க கதை" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் காட்டி, "பொஸ்தகத்துக்குத் தூசி தட்டறவரு பேச்சக் கேட்டுட்டு எங்க பண்ணைய நோவு வாயில போடச் சொல்றீங்களா?" என்றார்.

டாக்டர் கோபக்காரர் என்றேன் அல்லவா. அன்று கோபப்படவில்லை. நிலையத்திலிருந்து கொண்டுவந்திருந்த நல்ல கோழி இருபதைக் காட்டினார். "இதுல பத்தை இந்தக் கொட்டாய்க்குள்ள, நோவுக் கோழிகூடவே விடறேன். தீவனம் மட்டும் நான் தர்றது. இன்னும் பத்தை என் ஆபீஸ் பக்கத்துல, இந்தக் காத்தே படாம வெச்சு, இந்தச் சோளத்தைப் போடறேன். பத்து நாள். உள்ள இருக்கறது விழுந்தா நானே மண்ணு தள்றேன்."

பத்து நாள் கெடு கிடைத்தது. பழனியப்பன் பண்ணைக்கு வேறு சோளம் வந்தது. பாவாயி அம்மா ஒவ்வொரு மூட்டையையும் தானே புடைத்து, பிறகுதான் மில்லுக்கு விட்டார்.

ஐந்தாம் நாள் சாவது குறைந்தது. ஏழாம் நாள் டாக்டரின் ஆபீஸ் பக்கத்துக் கோழிகளில் மூன்று காலை நீட்டிப் படுத்தன. பத்தாம் நாள் அதே முப்பது பேர் வந்தார்கள். கொட்டாய்க்குள் விட்ட பத்தும் குத்துக்கல் மாதிரி நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் பண்ணைக் கோழிகள், சிலது நொண்டிக்கொண்டு, சிலது இறக்கையை ஊன்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தன. பழனியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்னைத் தூசி தட்டுகிறவர் என்று சொன்னவர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, எங்க மூட்டையும் ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. முறத்தோட நிக்கற அந்த அம்மாவக் கேளுங்க" என்றேன்.

அறுநூறு கோழிக்கு மேல் போய்விட்டது. மூவாயிரத்து முந்நூறுக்குக் குறையாமல் பிழைத்தன. வடைமாலை சாத்தினோம். அம்மா நூலகத்தில் எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் அதோடு முதல் பெட்டி அட்டையையும் கிளிப்பரையும் கொடுத்தார். ஏழு வருட அட்டைகளை எடுத்து, கட்டுரைகளை மறுபடி பார்த்து, விட்ட துளைகளையெல்லாம் வெட்டினேன். ஐந்து மாதம் ஆனது. ஓரம் கிழிந்த அட்டைகளுக்குப் பின்னால் காகிதம் ஒட்டினேன். அந்த ஐந்து மாதமும் அம்மா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் கீழ் வேலை பார்க்கக் கொடுத்துவைத்தவன் நான். இதை எழுதும்போதும் நெஞ்சு நிறைகிறது.

டாக்டர் இந்த விஷயத்தை ஒரு கட்டுரையாக எழுதி இதழுக்கு அனுப்பினார். அது அச்சில் வந்து ஒரு வருடம் இருக்கும், வெளிநாட்டுத் தபால்தலையோடு நூலகத்துக்கு ஒரு கார்டு வந்தது. தென்னமெரிக்காவிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் தேடியபோது உங்கள் கட்டுரையின் பெயர் கிடைத்தது, எங்கள் பக்கத்துப் பண்ணைகளிலும் கோழிகள் காலை நீட்டி விழுகின்றன, தயவுசெய்து ஒரு பிரதி அனுப்பவும் என்று இருந்தது.

அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே மோகனூர் ரோட்டுக்குப் போனேன். பாவாயி அம்மா முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாசித்து, தமிழில் சொன்னேன்.

"அடேங்கப்பா, நம்ம கோழி சீமைக்கே போயிருச்சா?" என்று பழனியப்பன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

பாவாயி அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா அங்கயும் ஒருத்தி கோழி எந்திரிக்கலைன்னு உக்காந்து அழுதுட்டிருப்பாளுங்களே. இங்க நின்னு பேசிட்டிருக்கறீங்க? வெரசா அனுப்பியுடுங்க, சாமி."

தபால் மூட்டை கட்டுவதற்கு முன்பே பிரதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.